பெட்டி மேலே நகர்கிறது

முயலுக்கு பேஸ்மென்ட் என்றாலே ஆகாது. வீட்டில் எல்லோரும் அவளை முயல் என்றுதான் கூப்பிடுவார்கள். குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடும் என்று அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர். கல்யாணமாகி வந்த அண்ணியும் முதல் வாரத்திலேயே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி லிஃப்ட் பரிசோதகர். நாத்தனாரைத் தன் வேலைக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்டதும் அவள்தான். "வீட்ல உக்காந்து என் சமையல்ல குத்தம் கண்டுபிடிக்கிற நேரத்துக்கு, என்கூட வந்து மெஷின்ல குத்தம் கண்டுபிடி. சம்பளமாவது கிடைக்கும்" என்றாள். முயல் பயந்துகொண்டேதான் வந்தாள். போன இடத்தில் எல்லாம் பயந்தாள். ஆனாலும் வேலையை விடவில்லை.

அன்றைக்கு அவர்கள் போயிருந்தது ஒரு பழைய ஒன்பது மாடிக் குடியிருப்பு. மற்ற இடங்களில் மொட்டை மாடியை ஒட்டி இருக்கும் லிஃப்ட் மோட்டார் இங்கே பேஸ்மென்டில் இருந்தது. மோட்டாரோடு சேர்ந்த பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு எஃகுக் கயிறுகள் மேலே போய், உச்சியில் கப்பிகளில் திரும்பி, ஒரு பக்கம் லிஃப்ட் பெட்டியையும் மறுபக்கம் எதிர்ப்பாரத்தையும் தாங்கின. எதிர்ப்பாரம் என்றால் ஒரு சட்டத்துக்குள் அடுக்கிய இரும்புப் பாளங்கள். காலிப் பெட்டியைவிட அது கனம். பெட்டி உச்சிக்குப் போகும்போது அது கீழே, தரைக்கு அடியில் இருக்கும் குழிக்கு வரும்.

சக்கரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே பல்லும் இல்லை, கொக்கியும் இல்லை. வெறும் பிடிமானம்தான். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டு கருவிகள். ஒன்று பெட்டியின் கூரையில் இருக்கும். அதன் சின்ன ரப்பர் உருளை, பெட்டியை ஆடாமல் நேராக ஓடவைக்கும் இரும்புத் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடி, பெட்டி எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். மற்றது பேஸ்மென்டில் சக்கரத்துக்கு எதிரே நின்று, சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் இரண்டு திரைகளிலும் இரண்டு கோடுகள் ஓடும். சக்கரத்துக்கு நீலம், பெட்டிக்குச் சிவப்பு. ஒட்டிப் பிறந்தவை போல இரண்டும் சேர்ந்தே போனால் கயிறு நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

காலையில் அந்தச் சேர்க்கையே நடக்கவில்லை. மோட்டார் அறையில் ஒரு ரவுட்டர், நடு மாடியில் சிக்னலைத் தூக்கிவிட இன்னொன்று, எல்லாம் வைத்தாயிற்று. முயலின் கருவி, பக்கத்தில் யாருமே இல்லை என்றது. பேஸ்மென்டில் போன் எடுக்காது. அவள் படியேறித் தரைத்தளத்துக்கு வந்து அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி அப்போது ஒன்பதாவது மாடி வராந்தாவில் இருந்தாள்.

"அண்ணி, உங்க மீட்டர் என்னுதுல தெரியவே மாட்டேங்குது."

"உன்னுதுல ஐபி நம்பர் என்ன காட்டுது, படி."

முயல் மனப்பாடமாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நாசமா போச்சு. இதுலயும் அதே நம்பர். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரர் யார் வீட்டுக்குப் போவார்? உன்னுதுல கடைசி நம்பரை மாத்து. மாத்திட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

அவள் இறங்கிப்போய் மாற்றினாள். கொஞ்ச நேரம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு பிறந்தது. அதற்குக் கீழே குறிப்பு எழுதும் கட்டம். அதில் ஒருவர் தட்டினால் மற்றவர் திரையிலும் வரும். ஆங்கில எழுத்துதான் இருக்கும்; அதில்தான் தமிழைத் தட்டுவார்கள். பெட்டி ஏறி இறங்கும் லிஃப்ட் ஓடுபாதைக்குள்ளும் போன் எடுக்காது என்பதால் வேலை நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

அண்ணியின் முதல் வரி வந்தது: "தெரியுது. கூரை மேல ஏறிட்டேன். தூங்கிடாதே."

அண்ணி கூரையில் இருந்த பட்டனை அழுத்திப் பெட்டியை மெல்ல உச்சிவரை ஓட்டினாள். பேஸ்மென்டில் சக்கரம் உருண்டது. இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறின. உச்சியில் கப்பிகளைப் பார்க்க வேண்டும் என்று அவள் நிறுத்தும் பட்டனைத் தட்டினாள். பிரேக் டக்கென்று விழுந்தது. சக்கரம் நின்றது.

நீலக் கோடு படுத்துவிட்டது. சிவப்புக் கோடு படுக்கவில்லை.

முதலில் முயல் அதைக் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. பிறகு ஒரு விரல் நுழையும் அளவு. காலையில் பண்ணின கோளாறு போதாதா என்று கருவியை லேசாகத் தட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடு நின்ற இடத்தில் நிற்காமல் மேலே, மேலே என்று சாய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, பெட்டியை ஓட்டுறீங்களா?"

"இல்லையே. நிறுத்திட்டேன்."

"சிவப்பு ஏறுது."

"கனெக்‌ஷன் சரியா பாரு."

பார்த்தாள். கனெக்‌ஷன் சரியாகத்தான் இருந்தது. பையைத் துழாவிச் சாக்பீஸை எடுத்து, சக்கரத்தின் விளிம்பிலிருந்து கயிறுகளின் குறுக்கே ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டாள். போடும்போதே விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். எண்ணெய்.

சாக்பீஸ் கோடு அவள் கண்ணெதிரே உடைந்தது. சக்கரத்தில் இருந்த பாதி அங்கேயே நின்றது. கயிறுகளில் இருந்த பாதி, எறும்பு ஊர்வதுபோல, விலகிப் போய்க்கொண்டிருந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. சக்கரம் நிற்கிறது, கயிறு அதன்மேல் வழுக்குகிறது, எதிர்ப்பாரம் இறங்குகிறது. அப்படியானால் பெட்டி ஏறுகிறது. பெட்டியின் கூரையில் அண்ணி நிற்கிறாள். அவள் தலைக்கு மேலே கப்பிகள் தொங்கும் இரும்பு உத்தரம்.

லிஃப்ட் விழுந்தால் பிடிக்கக் கொக்கி உண்டு. இவ்வளவு பழைய லிஃப்டில் அது கீழே விழும்போது மட்டும்தான் பிடிக்கும். மேலே போகிற பெட்டியைத் தடுக்க ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லிக்கொடுத்தவளே அண்ணிதான்.

முயல் தட்டினாள். "கயிறு வழுக்குது. நிஜமா. வெளிய வந்துடுங்க."

பதில் வரக் கொஞ்ச நேரமானது. "வழி இல்ல. மாடிக் கதவு கூரைக்குக் கீழ போயிடுச்சு. கூரை மூடியைத் திறந்தா அடியில யாரோ அலங்காரத்துக்குப் பலகை அடிச்சிருக்காங்க. உதைச்சும் அசையல."

"கீழ் பட்டனை அழுத்துங்க அண்ணி. இறங்கிடும்."

மோட்டார் உறுமியது. சக்கரம் சுற்றியது. கயிறுகள் அதோடு போகவில்லை; சர்ரென்று ஒரு சத்தம், சூடான எண்ணெய் நாற்றம். நீலக் கோடு கீழே பாய்ந்தது. சிவப்புக் கோடு ஒரு துள்ளு துள்ளி இன்னும் மேலே போனது.

மேலே எங்கிருந்தோ, ஒன்பது மாடி உயரத்திலிருந்து, ஒரு சத்தம் ஓடுபாதை வழியாக இறங்கி வந்தது. கத்தலா, இரும்பு உரசியதா என்று தெரியவில்லை. அழுத்தச் சொன்னது அவள்தான்.

திரையில் ஒரு வரி வந்தது. "இனிமே தொடாதே. மெயினை ஆஃப் பண்ணு. உட்கார்ந்துட்டேன்."

நிற்க முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அறை இருட்டானது. மின்விசிறியின் இரைச்சல், சுவரில் இருந்த மின்பெட்டிகளின் ரீங்காரம் எல்லாம் அடங்கின. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கருவியிடம் திரும்பினாள். நீலக் கோடு இருந்தது. சிவப்பைக் காணோம். ரவுட்டருக்கு இந்த அறையின் சாக்கெட்டில் இருந்துதான் மின்சாரம் எடுத்திருந்தாள். மெயினோடு அதுவும் செத்துவிட்டது.

இனி அண்ணி எங்கே இருக்கிறாள், எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. "அண்ணி!" என்று கத்தினாள். சொந்தக் குரல்தான் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மெயினைத் திரும்பப் போடலாமா? மேலே மறுபடி ஏதாவது பட்டன் அழுந்தினால்? கை கைப்பிடியருகே போய்த் திரும்பியது.

அப்போதுதான் கட்டடத்தின் பராமரிப்புக்காரர் படியில் இறங்கி வந்தார். கனத்த உடம்பு, நல்ல மனிதர். காலையில் இவர்கள் வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டவர். "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

"கயிறுல எண்ணெய் விட்டது யாரு?"

"நான்தாம்மா. கிறீச்சு கிறீச்சுனு ஒரே சத்தம். டெஸ்ட் பண்ண வர்றீங்களே, நல்லா இருக்கட்டும்னு..."

"வழுக்குது. அண்ணி கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நான் கொன்னுட்டேனா?"

"எழுந்திரிங்க!" முயல் யாரையும் அப்படி அதட்டியதில்லை. அவள் கண் சுவரோரம் போயிருந்தது. பாரம் ஏற்றிப் பார்ப்பதற்காகக் காலையில் வேனிலிருந்து இறக்கி அடுக்கிய இரும்புக் கட்டிகள், கைப்பிடி வைத்தவை. எதிர்ப்பாரம் இறங்குவதை நிறுத்தினால் பெட்டி ஏறுவது நிற்கும். அது குழிக்குள்தான் இறங்குகிறது. அதன் அடியில் எதையாவது முட்டுக்கொடுக்க வேண்டும். அடியில் குழித்தரையில் ஒரு ஸ்பிரிங் உண்டுதான். ஆனால் முன்பு யாரோ கயிற்றை வெட்டிக் குட்டையாக்கியிருந்ததில் ஸ்பிரிங்குக்கும் பாரத்துக்கும் நடுவே இருக்க வேண்டியதைவிட அதிக இடைவெளி. காலையில் அண்ணி அதைப் பார்த்து, "இதையும் எழுதிக்கணும்" என்று சொல்லியிருந்தாள். அது ஸ்பிரிங்கைத் தொடும்வரை காத்திருந்தால் மேலே அண்ணிக்கு இடம் இருக்காது.

மோட்டார் அறையிலிருந்து குழிக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. குனிந்துதான் நுழைய முடியும்.

"நான் போறேம்மா, நான் பண்ணின பாவம்" என்று அவர் முன்னால் வந்தார். தோள் நுழைந்தது. வயிறு நுழையவில்லை. திணறி வெளியே வந்து, அழுகிற மாதிரி அவளைப் பார்த்தார்.

முயல் குழியைப் பார்த்தாள். ஈர வாடை. தரையில் கறுப்பாக எண்ணெய்த் தண்ணீர். விளக்கை மேலே திருப்பியபோது அது தெரிந்தது: இரும்புச் சட்டம், அதற்குள் பாளம் பாளமாக, ஒரு லாரி அளவு கனம், அவள் இடுப்புக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நகர்வதாகவே தெரியவில்லை. அதுதான் பயங்கரம். உற்றுப் பார்த்தால் மட்டும் பக்கத்துத் தண்டவாளத்தின் துருத் திட்டு ஒன்று மெல்ல மெல்ல அதன் பின்னால் மறைவது தெரிந்தது.

கயிறு இப்போது ஊர்கிறது. திடீரென்று மொத்தமாக விட்டுவிட்டால்? அவள் அடியில் இருக்கும்போது விட்டால்?

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"கட்டியைக் குடுங்க. ஒவ்வொண்ணா. நிறுத்தாம குடுங்க."

அவர் கதவு வழியாக நீட்டினார். அவள் வாங்கி, மண்டியிட்டு, சட்டத்துக்கு நேர் கீழே ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தாள். தண்ணீர் முழங்காலை நனைத்தது. கட்டி ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல் இருந்தது. தலையை எப்படித் திருப்பினாலும் ஒரு பாதி அந்த இரும்புக்கு அடியில்தான் இருந்தது. பிடரியில் அதன் குளிர்ச்சி படுவதாகத் தோன்றியது. உண்மையில் பட்டதா, பயமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"மீட்டர்ல ஏதாவது தெரியுதா?" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

"நீலக் கோடு மட்டும்தாம்மா இருக்கு. அது சும்மா கிடக்கு."

"சிவப்பு?"

"சிவப்பே இல்லம்மா."

இல்லாமல்தான் இருக்கும், ரவுட்டர் செத்துப்போனதால்தான் சிவப்பு வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படியும் அந்த வார்த்தை நெஞ்சில் இடியாக இறங்கியது.

இரண்டு அடுக்குகளும் சட்டத்தை நெருங்கின. இடது பக்கம் மேலும் ஒரு கட்டி வைக்க இடமிருந்தது. வலது பக்கம் கை நுழையும் இடைவெளிதான். அவள் இடது பக்கம் ஒரு கட்டியைப் பக்கவாட்டில் தள்ளினாள். நுழையவில்லை. விரலால் தடவினாள், சட்டத்தின் அடியில் சிக்கியிருந்த பழைய துணிச்சுருள் தடுத்தது. அதைப் பிடுங்கி எறிந்து இன்னொரு தடவை தள்ளினாள். கட்டி உள்ளே போனது. விரல்களை இழுத்துக்கொண்ட மறுகணம் சட்டம் இரும்பின்மேல் உட்கார்ந்தது. முனகல்போல ஒரு சத்தம். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று இறுகின. மேலே கயிறுகள் ஒரு தடவை அதிர்ந்து தொய்ந்தன.

பிறகு சத்தமே இல்லை.

அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். "படிக்கட்டு விளக்குக்கு கரண்ட் வேற லைன்தானே? ஒரு ஒயர் வேணும், நீளமா."

அவர் ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து படிக்கட்டுச் சாக்கெட்டில் செருகினார். ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்றது. மறுபடி தேடியது. யாரும் இல்லை. பராமரிப்புக்காரர் அவளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடக்கூட அஞ்சினார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் மனம் தன் பாட்டுக்கு வாக்கியம் கோக்கத் தொடங்கியிருந்தது. அதை நிறுத்த அவளால் முடியவில்லை.

சிவப்புக் கோடு வந்தது. மிக உயரத்தில் இருந்தது. ஆனால் படுத்திருந்தது.

கோடு வந்தது கருவி உயிரோடு இருப்பதால். அதனருகே இருந்தவள்?

"அண்ணி" என்று தட்டினாள். ஒன்றுமில்லை. "அண்ணி பதில் சொல்லுங்க." ஒன்றுமில்லை. "அண்ணி அண்ணி அண்ணி."

கட்டத்தில் ஓர் எழுத்து வந்தது. அர்த்தமில்லாத ஓர் எழுத்து. பிறகு இன்னொன்று. பிறகு, ஒவ்வொன்றாக, கைக்கு எட்டாத இடத்தில் இருந்து ஒற்றை விரலால் தட்டினது போல: "படுத்திருக்கேன். கழுத்தைத் திருப்ப முடியல. நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. முட்டுக் கொடுத்துட்டேன். வரேன்."

ஒன்பது மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. பராமரிப்புக்காரர் பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்து, "நீ போம்மா, நீ போ" என்று கையாட்டினார். ஒன்பதாவது மாடியில் சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது பெட்டியின் தரை அவள் மார்பளவு உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே இருட்டுப் பள்ளம். எதிர்வீட்டுத் தச்சர் சத்தம் கேட்டு வந்தவர், ஒன்றும் கேட்காமல் தன் வேலை மேசையை இழுத்துவந்து பள்ளத்தை மறைத்துப் போட்டார். கையில் கடப்பாரையும் கொடுத்தார். "நான் ஏறவா?" என்றார். "வேணாங்க, கனம் கூடக்கூடாது. நான் லேசு" என்று சொல்லிவிட்டு அவளே ஏறினாள். ஏறும்போது பெட்டி லேசாக ஆடியது, கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டம் நின்றதும் திறந்தாள்.

அலங்காரப் பலகை பளபளப்பாக, நட்சத்திர வடிவ விளக்குகளோடு இருந்தது. அவள் கடப்பாரையை அதன் நடுவில் குத்தினாள். பலகை பெயர்ந்து விழுந்து, மேலே சதுர ஓட்டை தெரிந்தது. அந்த ஓட்டையில் அண்ணியின் ஒரு கை தொங்கியது.

முயல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டி போல இருந்தது.

அண்ணி பல்லியைப் போல ஒட்டிக்கொண்டே நகர்ந்து நகர்ந்து, கால்களை முதலில் விட்டு, அவள் தோளில் மிதித்து இறங்கினாள். சட்டையின் முதுகு முழுக்கக் கப்பியின் கிரீஸ். உத்தரம் அவள் முதுகைத் தொட்டே விட்டிருந்தது.

வராந்தாவில் இருவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். தச்சரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணிக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பல்லில் மோதி மோதிச் சத்தம் வந்தது. முயல் பிடித்துக் குடிக்கவைத்தாள்.

"நான்தான் கீழ் பட்டனை அழுத்தச் சொன்னேன்" என்றாள் முயல்.

"நானும் அதைத்தான் அழுத்தப் போனேன். நீ முந்திக்கிட்டே." அண்ணி டம்ளரைத் தள்ளிவைத்தாள். "சிவப்பு ஏறுதுன்னு நீ சொன்னதை நான் நம்பல. கனெக்‌ஷனைப் பாருன்னேன்."

"நானும் முதல்ல நம்பல."

அதற்குள் மற்ற மாடிக்காரர்கள் படியேறி வர ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாடி போட்ட குடியிருப்போர் சங்கச் செயலாளர் உடைந்த பலகையைப் பார்த்துப் பதறினார். "என்னங்க இது, புதுசா போட்ட சீலிங்! லிஃப்ட் எப்ப ஓடும்?"

அண்ணிதான் எப்போதும் பதில் சொல்வாள். அன்று அவள் முயலைத் திரும்பிப் பார்த்தாள். முயல் எழுந்து நின்றாள். முழங்காலிலிருந்து எண்ணெய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஓடாது. கயிறு எல்லாம் மாத்தணும், சக்கரம் மாத்தணும், மேல போனா பிடிக்கிற பிரேக் வைக்கணும். அதுவரைக்கும் சீல். யாரும் தொடக்கூடாது." குரல் நடுங்கித்தான் வந்தது. ஆனால் வந்தது. பராமரிப்புக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "எண்ணெய் விட்டது நான்தான் சார்" என்று தானாகவே சொன்னார்.

மாலையில் வேனை ஓட்டியது முயல்தான். அண்ணி பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தபோது, "உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ முகத்தை மட்டும் கழுவிட்டு உள்ள வா" என்றாள்.

வீடு நாலாவது மாடியில். கட்டட வாசலில் லிஃப்ட் கதவு திறந்தபடி, விளக்கு எரிய, காலியாக நின்றுகொண்டிருந்தது. அண்ணி அதன் முன்னால் நின்றாள். உள்ளே பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். கதவு தானாக மூடிக்கொள்ளும்வரை அப்படியே நின்றாள்.

"கருவிப் பையை நான் எடுத்துக்கிறேன் அண்ணி" என்றாள் முயல். "படியிலயே போலாம்."

அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். முயல் ஒரு படி பின்னால், இரண்டு கருவிகளையும் சுமந்துகொண்டு, அவள் எங்கே நின்றாலும் நின்று, எங்கே ஏறினாலும் ஏறி, கூடவே போனாள்.